மேகமும் புதரும்

1985ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்னும் வீடியோ விளையாட்டை வெளியிட்டது. தொப்பியும் பெருமீசையும் உடைய மாரியோ, செங்கற்களை முட்டி உடைத்தும் பச்சைக் குழாய்களைத் தாண்டியும் வலப்புறமாக ஓடிக்கொண்டே இருப்பான். அவனுக்குப் பின்னே நீல வானில் வெண்மேகங்கள் மிதக்கும். தரையில் பசும்புதர்கள் நிற்கும். அவ்விளையாட்டைப் பல ஆண்டுகள் ஆடியவர்களுள்ளும் ஒன்றைக் கவனியாதவர் உண்டு. மேகத்தின் மேற்பாதிதான் புதர். வெள்ளை நிறம் கொடுத்தால் அது மேகம். பச்சை நிறம் கொடுத்துத் தரையில் வைத்தால் புதர்.

ஓவியருக்குச் சோம்பல் என்று எண்ணிவிடலாகாது. அவ்விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட் இடத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு சாதாரண ஒளிப்படம் 3 மெகாபைட் அளவு என்று கொண்டால், அந்த ஒரு படத்தின் இடத்தில் மாரியோவின் உலகத்தை எழுபது முறைக்கு மேல் வைக்கலாம். 32 நிலைகள், பகைவர்கள், இசை, விதிகள் ஆகிய அனைத்துக்கும் 32 கிலோபைட். படங்களுக்கு எஞ்சியது 8 கிலோபைட் மட்டுமே.

அந்த 8 கிலோபைட்டில் படங்கள் எவ்வாறு வைக்கப்பட்டன? ரப்பர் முத்திரையை நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். நெடுக்கில் 8, குறுக்கில் 8 என 64 புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் படங்கள் வெட்டப்பட்டன. அத்தகைய சதுரங்கள் 512 மட்டுமே வைக்க இடம் இருந்தது. ஒரு முத்திரையைத் தாளில் எத்தனை முறையும் குத்தலாம் அன்றோ? அதுபோல் ஒரே செங்கல்லை நூறு இடங்களில் பதித்துச் சுவர் எழுப்பினர். உருவம் ஓரிடத்திலும் அதற்குரிய நிறம் வேறோரிடத்திலும் வைக்கப்பட்டிருந்தன. ஆகவே, ஒரே முத்திரையை வேறு மையில் தோய்த்துக் குத்துவது இயன்றது. மேகம் புதரானது அவ்வாறே.

மாரியோவை நோக்கி நடந்துவரும் காளான் தலையுடைய கூம்பா என்னும் பகைவனிடம் இன்னும் வியப்பான சிக்கனத்தைக் காணலாம். அவன் நடப்பதற்கு இரண்டு படங்கள் வரையப்படவில்லை. உள்ளது ஒரே படம். அதனைக் கண்ணாடியில் காண்பதுபோல் இடம் வலமாக மாற்றி மாற்றிக் காட்டினால், இரு கால்களும் மாறி மாறி ஊன்றுவதுபோல் தோன்றும். விளையாட்டின் நிலைகளையோ வடிவமைப்பாளர்கள் கட்டமிட்ட தாளில் பென்சிலால் வரைந்தனர். குழாய் இங்கே, பள்ளம் அங்கே என்று கட்டம் கட்டமாகக் குறித்த பின்னரே அவை கணினிக்குச் சென்றன.

மாரியோவின் முகமும் இடநெருக்கடியில் பிறந்ததே. அவன் முதன்முதலில் தோன்றியது 1981இல் வெளிவந்த 'டாங்கி காங்' என்னும் விளையாட்டில். அங்கு அவனுக்குக் கிடைத்தது 16க்கு 16 புள்ளிகள் கொண்ட சதுரம். அத்துணைச் சிறிய இடத்தில் வாயை வரைந்தால் முகம் குழம்பும். எனவே பெரிய மூக்கும் அதன் கீழே மீசையும் வைத்தார் வடிவமைப்பாளர் மியாமோட்டோ ஷிகேரு. தலைமயிரை வரைவது கடினம், எனவே தொப்பி. கை அசைவது உடலிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும். எனவே சட்டைக்கு ஒரு நிறமும் தோள்பட்டை வைத்த காற்சட்டைக்கு வேறொரு நிறமும். உலகெங்கும் குழந்தைகள் அடையாளம் காணும் உருவம் இவ்வாறு அமைந்தது.

சில நேரங்களில் இயந்திரத்தின் வலுவின்மையே விளையாட்டின் சுவையாக மாறிவிட்டது. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக நிஷிகாடோ தொமோஹிரோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டை உருவாக்கினார். வரிசைக்கு 11 பேர், ஐந்து வரிசைகள் என மொத்தம் 55 வேற்றுலகப் படையினர் திரையின் மேலிருந்து மெல்ல இறங்கி வருவர். ஆடுபவர் கீழிருந்து அவர்களைச் சுட்டு வீழ்த்த வேண்டும். திரை ஒரு நொடிக்கு 60 முறை புதிதாக வரையப்பட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் படையினருள் ஒருவரை மட்டுமே நகர்த்த முடிந்தது. 55 பேரும் ஓர் அடி வைத்து முடிக்க ஏறத்தாழ ஒரு நொடி ஆகிவிடும்.

இப்பொழுது பத்துப் பேர் வீழ்ந்தனர் என்று கொள்க. நகர்த்த வேண்டியவர் 45 பேர். சுற்று விரைவில் முடிந்துவிடும். இருபது பேர் மட்டும் எஞ்சினால் அதனினும் விரைவு. கடைசியாக எஞ்சிய ஒருவர் நொடிக்கு 60 முறை நகர்ந்து திரையில் பறப்பார். வெற்றி நெருங்க நெருங்க ஆட்டம் கடினமாகும்! எவரும் முன்கூட்டித் திட்டமிட்ட விதியன்று இது. செயலியின் சுமை குறைந்ததால் தானே நேர்ந்தது. நிஷிகாடோ அதனைப் பிழை என்று திருத்தாமல் அப்படியே விட்டுவைத்தார். பின்னணியில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் நான்கு சுரங்களும் படையினரின் விரைவுக்கேற்ப வேகம் கொள்ளும். ஆடுபவரின் நெஞ்சத் துடிப்பும் உடன் ஏறும். ஆட்டம் போகப் போகக் கடினமாவது இன்று இயல்பாகத் தோன்றலாம்; அன்று அது புதிய அனுபவம்.

இடநெருக்கடி எப்பொழுதும் நன்மையே தந்தது என்று கூறுவதற்கில்லை. 1980இல் நாம்கோ நிறுவனத்தில் இவாதானி தோரு உருவாக்கிய 'பேக்-மேன்' விளையாட்டில் நிலையின் எண்ணைக் குறிக்க ஒரே ஒரு பைட் ஒதுக்கப்பட்டது. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையுள்ள எண்களை மட்டுமே எழுத முடியும். 256ஆம் நிலைக்கு வருபவர் மிகச் சிலரே. வந்தவர் காண்பது வேறு காட்சி. 255உடன் ஒன்றைக் கூட்டியதும் எண் சுழன்று 0 ஆகிவிடுகிறது. திரையின் கீழே சில பழங்களை வரைய வேண்டிய கட்டளை, 256 பழங்களை வரைய முற்படுகிறது. திரையின் வலப்பாதி முழுவதும் பொருளற்ற எழுத்துகளாலும் குறிகளாலும் நிறைந்துவிடும். தின்ன வேண்டிய புள்ளிகள் போதிய அளவு இரா. ஆட்டத்தைத் தொடர வழியே இல்லை. வழிப்போக்கர் நடந்துகொண்டே இருக்கையில் சாலை திடீரென முடிந்துவிட்டதுபோல் அது நின்றுவிடும்.

ஜப்பானில் புள்ளிகளுக்குப் பஞ்சம் என்றால், மாஸ்கோவில் புள்ளிகளே இல்லை. 1980களின் நடுவில் அங்கு சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ், 'எலெக்ட்ரோனிகா 60' என்னும் கணினியில் 'டெட்ரிஸ்' விளையாட்டை எழுதினார். அக்கணினி படங்களைக் காட்டாது. எழுத்துகளையும் குறிகளையும் மட்டுமே காட்டும். அவர் சதுர அடைப்புக்குறிகளை அருகருகே வைத்து விழும் கட்டைகளை அமைத்தார். நிறுத்தக்குறிகளால் கட்டிய விளையாட்டு அது.

இன்று நினைவகத்துக்குப் பஞ்சம் இல்லை. ஆயினும் பழைய தோற்றத்தையே விரும்பிப் புதிய விளையாட்டுகளைச் செய்வோர் பெருகியுள்ளனர். இவற்றைப் பழம்பாணி விளையாட்டுகள் எனலாம். கூரிய விளிம்புடைய சதுரப் புள்ளிகளே இவற்றின் அடையாளம். வேடிக்கை என்னவென்றால், அக்காலத்துச் சிறுவர் அத்தகைய கூரிய சதுரங்களைக் கண்டதில்லை. பழைய குழாய்த் தொலைக்காட்சியின் திரையில் புள்ளிகள் ஒன்றோடொன்று கசிந்து கலந்து மென்மையாகத் தோன்றின. பழமையைப் போற்றுவோர் சற்றே புதிதாக ஒரு பழமையைப் படைத்துக்கொண்டனர்!

'பிகோ-8' என்பது அவ்வகை ஆர்வலர்க்கான ஒரு கற்பனைக் கணினி. அதற்கென இயந்திரம் ஏதும் தொழிற்சாலையில் செய்யப்படவில்லை. இன்றைய கணினிக்குள் இயங்கும் மென்பொருளே அது. ஆனால் அதன் விதிகள் கடுமையானவை. திரை 128க்கு 128 புள்ளிகள். நிறங்கள் 16. ஒரு விளையாட்டுக்கு உரிய இடம் 32 கிலோபைட், அதாவது மாரியோவுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. மேடி தோர்சன், நோயல் பெர்ரி ஆகிய இருவர் இதில் நான்கே நாள்களில் மலையேறும் பெண்ணைப் பற்றிய 'செலஸ்ட்' என்னும் சிறு விளையாட்டைச் செய்தனர். பிறகு அதனை விரித்து 2018இல் பெரிய விளையாட்டாக வெளியிட்டபோது அது பரிசுகளும் பாராட்டும் பெற்றது. பெரிய விளையாட்டுக்குள் ஓர் அறையில் பழைய கணினி ஒன்று மறைந்திருக்கிறது. அதனைக் கண்டுபிடிப்பவர் அந்த நான்கு நாள் விளையாட்டை அங்கேயே ஆடலாம்.

எல்லையை வலிந்து ஏற்றுக்கொண்டவர்கள் அதனைச் சிறிது மீறியதும் உண்டு. 2014இல் வெளிவந்த 'ஷவல் நைட்' விளையாட்டின் படைப்பாளிகள், நிண்டெண்டோவின் பழைய இயந்திரம் காட்டக்கூடிய நிறங்களையே பயன்படுத்த முடிவு செய்தனர். பின்னர் போதவில்லை என்று கண்டு நான்கு நிறங்களைச் சேர்த்துக்கொண்டனர். அதனை மறைக்காமல் வெளிப்படையாகவும் கூறினர்.

விளையாட்டுக்கு அப்பாற்பட்ட பொருள்களை விளையாட்டாக மாற்றுவோரும் உளர். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் 21 மாடிக் கட்டடம் ஒன்றின் முகப்பில், வரிசைக்கு 9 என 17 வரிசைகளில் 153 சன்னல்கள் உள்ளன. 2012 ஏப்ரலில் மாணவர்கள் ஒவ்வொரு சன்னலிலும் நிறம் மாறும் விளக்கை வைத்து, கட்டடம் முழுவதையும் டெட்ரிஸ் திரையாக்கினர். கீழே வைத்த கருவியை இயக்கி, வழிப்போக்கரும் அதில் ஆடலாம். 2014இல் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர், 1993இல் வெளிவந்த 'டூம்' என்னும் விளையாட்டை ஓர் அச்சுப்பொறியின் சிறு திரையில் ஓடச் செய்து காட்டினார். பார்த்தோர் சிரித்தனர். அச்சுப்பொறிக்குள் அயலார் எளிதில் புகுந்து எதையும் மாற்றலாம் என்பதை மெய்ப்பிக்கவே அவர் அதனைச் செய்தார்.

பழைய விளையாட்டுகளுக்கு வேறொரு பகை உண்டு, அது காலம். குழாய்த் தொலைக்காட்சிகள் உடைந்து குப்பையில் சேர்கின்றன. பழைய சில்லுகள் பழுதடைகின்றன. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று முறையாக வாங்கக் கிடைப்பதில்லை என்று 2023இல் வந்த ஓர் ஆய்வு கூறியது. பழைய இயந்திரம்போல் நடந்துகொள்ளும் மென்பொருளை ஆர்வலர்கள் எழுதியிருப்பதால்தான் பல விளையாட்டுகளை இன்னும் காண முடிகிறது. எனினும் உரிமையாளரின் இசைவின்றி விளையாட்டைப் படியெடுப்பது சட்டத்துக்குப் புறம்பானது. சட்டத்தைக் காப்பதா, அழியவிருக்கும் கலையைக் காப்பதா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை.

இந்தியச் சிறுவர்க்கு மாரியோ வந்து சேர்ந்த கதையிலும் இவ்வழக்கின் நிழல் உண்டு. 1990களில் நம் நகரங்களின் கடைகளில் விற்ற விளையாட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் உரிமம் பெறாத நகல்கள். அவற்றில் செருகும் பிளாஸ்டிக் பெட்டியைக் 'கேசட்' என்றே அனைவரும் அழைத்தனர். அதன் மேல் 9999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருக்கும். ஆடிப் பார்த்தால் சில விளையாட்டுகளே வேறு வேறு பெயர்களில் மீண்டும் மீண்டும் வரும். ஆயினும் கோடை விடுமுறையில் அண்டை வீட்டாரெல்லாம் கூடி, இரண்டு கைப்பிடிகளுக்காக முறை வைத்துக் காத்திருந்து, அவ்விளையாட்டுகளை ஆடினர். அந்தப் பெட்டிகளுள் சில இன்றும் வீட்டுப் பரண்களில் தூசியடைந்து கிடக்கின்றன.

பயிற்சி

1. 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில் படையினர் குறையக் குறைய அவர்களின் விரைவு ஏன் கூடியது? சொந்த நடையில் எழுதுக.

2. வெண்மேகம், பசும்புதர், செங்கல், பெருமீசை: பிரித்து எழுதுக.

3. கணக்குக் குறிப்பேட்டில் 8க்கு 8 கட்டங்கள் கொண்ட சதுரம் வரைக. கட்டங்களை முழுமையாகக் கறுப்பாக்கியோ வெறுமையாக விட்டோ 'ப', 'ட' ஆகிய எழுத்துகளை அமைக்க. பின்பு உம் பெயரின் முதல் எழுத்தை அமைக்க. 'ஐ', 'ஞ', 'ணை' போன்ற எழுத்துகளில் எந்த வளைவை விட்டால் எழுத்து மாறிவிடுகிறது, எதனை விட்டாலும் படிக்க முடிகிறது என்பதைக் கண்டறிந்து எழுதுக.

4. பெற்றோரையோ மாமா, அத்தை, சித்தப்பா, பெரியம்மா ஆகியோருள் ஒருவரையோ அவர்கள் சிறுவயதில் ஆடிய வீடியோ விளையாட்டைப் பற்றிக் கேட்க. எந்த ஊரில், யாருடைய வீட்டில், யாரோடு ஆடினர் என்பதை அவர்கள் கூறியவாறே தமிழில் பத்து வரிகளில் எழுதுக.