பிடிக்கிறது, பயமாகவும் இருக்கிறது

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வயது இருபத்திரண்டு. கிள்ளானில் இருக்கிறேன். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு கல்லூரிக்குத் தினமும் கொமுட்டர் ரயிலில் போய் வருகிறேன். இரண்டாம் படிவத்தில் இருந்தபோது தோழி ஒருத்தி ஸ்டெஃபெனி மேயரின் ‘ட்விலைட்’ நாவலை இரவல் கொடுத்தாள். வரலாற்றுப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்து நான்கு பாகங்களையும் படித்து முடித்தேன். அதன் நாயகன் எட்வர்ட் மாதிரி ஒருவன் எனக்கும் வருவான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் கல்லூரிப் பையன் ஒருவன் காதலிப்பதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். அதன் பிறகு நான் ஏறும் பெட்டியிலேயே ஏறி, கிள்ளான் வரை வர ஆரம்பித்தான். ஒரு நாள் எங்கள் தாமானில், வீட்டுக்கு எதிரே மோட்டாரில் உட்கார்ந்திருந்தான். அப்பா போய்ப் பேசிய பிறகுதான் அது நின்றது.

இப்போது நான்காம் படிவம் படிக்கும் என் தங்கை, மலிவு விற்பனையில் அதே நாவலை வாங்கி வந்திருக்கிறாள். நானும் மறுபடி படித்தேன். புல்வெளிக் காட்சியில் நெஞ்சு பழையபடியே படபடத்தது. அடுத்த அத்தியாயத்தில், நாயகி பெல்லாவுக்குத் தெரியாமல் இரவுகளில் அவள் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்ததாக எட்வர்ட் சொல்கிறான். அந்த இடத்தில் வயிற்றைப் புரட்டியது. பயந்து அழுத எனக்கே இந்தக் கதை எப்படி இன்னும் பிடிக்கிறது? நான் போலியா? தங்கையிடமிருந்து புத்தகத்தை வாங்கி வைத்துவிடட்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கிள்ளான்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நாவலைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் உனக்கு நடந்தது. வேண்டாம் என்று சொன்ன பெண்ணைப் பின்தொடர்வதும், அவள் வீட்டெதிரே காத்துக் கிடப்பதும் மலேசியாவில் இன்று குற்றம். தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவு 2023 மே 31ஆம் தேதி நடப்புக்கு வந்தது. பின்தொடர்வது, விடாமல் தொடர்புகொள்ள முயல்வது, வீட்டையோ வேலையிடத்தையோ சுற்றிவருவது, எதையாவது அனுப்பிக்கொண்டே இருப்பது ஆகியவற்றால் ஒருவரை அச்சத்துக்கோ மன உளைச்சலுக்கோ ஆளாக்கினால் மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் உண்டு. இரண்டு முறை செய்தாலே திரும்பத் திரும்பச் செய்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அவன் மறுபடி தலைகாட்டினால் நாள், நேரம், இடம் எல்லாவற்றையும் குறித்து வை. அவன் அனுப்பும் செய்திகளை அழித்துவிடாதே. போலீசில் புகார் கொடு. தாலியான் காசே உதவி எண்ணான 15999க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். உன் பயம் நியாயமான பயம். கதைப் புத்தகம் படித்து வந்த கற்பனை என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே.

இனி நாவலுக்கு வருகிறேன். ‘ட்விலைட்’ 2005இல் வந்தது. அந்த வரிசை நாவல்கள் உலகெங்கும் பத்துக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றன. படித்தவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். அவர்கள் எல்லோரும் ஏமாந்துபோனார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பெல்லா பெரிய அழகியாகத் தன்னை நினைப்பதில்லை; நடந்தால் தடுக்கி விழுகிறவள். அவள்தான் கதையைச் சொல்கிறாள், அவள்தான் ஆசைப்படுகிறாள். ஆசைப்பட்டதற்காகக் கதை அவளைத் தண்டிப்பதில்லை. ‘பொம்பளப் பிள்ளைக்கு என்ன இதெல்லாம்’ என்று கேட்டுக் கேட்டு வளர்கிற பதினான்கு வயதுக்காரிக்கு அது பெரிய விடுதலை.

பதினோராம் அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் பார். எட்வர்ட் பெல்லாவிடம் நாள் முழுவதும் கேள்வி கேட்கிறான். பிடித்த நிறம் எது, கேட்கும் இசை எது, படித்த புத்தகங்கள் எவை என்று ஒன்று விடாமல் கேட்டு, அவள் பதிலைக் கவனமாக வாங்கிக்கொள்கிறான். நம் பிள்ளைகளை இப்படி யார் கேட்கிறார்கள்? வீட்டில் மதிப்பெண்ணைக் கேட்கிறோம், விருந்துக்கு வந்தவர் எஸ்.பி.எம். தேர்வில் எத்தனை ஏ என்று கேட்கிறார். உன் நெஞ்சு படபடத்தது இந்தக் கவனிப்புக்காகத்தான் என்று நினைக்கிறேன். அதை விரும்புவதில் ஒரு தவறும் இல்லை.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. அருகில் இருப்பவர்கள் மனத்தையெல்லாம் படிக்கத் தெரிந்த ரத்தக் காட்டேரியான எட்வர்டுக்குப் பெல்லாவின் மனம் மட்டும் பிடிபடாது. கதையே அப்படித்தான் அமைந்திருக்கிறது. அவளுக்கு அவன்மேல் ஆசை என்று பக்கம் பக்கமாகப் படித்த நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. தெரியாமலேதான் அந்த இரவுகளில் அவள் அறைக்குள் வந்தான். அவள் சம்மதம் வாசகரின் கையில் இருப்பதால் அவன் செய்தது நமக்கு உறுத்துவதில்லை. ரயிலில் உன்னைத் தொடர்ந்தவனும் உன் மனத்தில் என்ன இருக்கிறது என்று தானாகவே முடிவு செய்துகொண்டவன்தான். உனக்கு வயிற்றைப் புரட்டியது இந்த ஒற்றுமை கண்ணில் பட்டதால்தான். மேலும், நாவலைப் பிடிக்காத பக்கத்தில் மூடிவிடலாம். ஓடுகிற கொமுட்டரிலிருந்து நினைத்த இடத்தில் இறங்க முடியாது. அதனால் கதையில் சிலிர்ப்பதும் நிஜத்தில் நடுங்குவதும் ஒரே பெண்ணிடம் இருக்கலாம். அது போலித்தனம் ஆகாது.

இந்தக் குழப்பத்தை நம் முன்னோரும் யோசித்திருக்கிறார்கள். விரும்பிய பெண்ணை அடைய முடியாதவன் பனைமட்டையில் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை அணிந்து, ஊர் பார்க்கத் தெருவில் வருவதை மடலேறுதல் என்பார்கள். ரம்பப் பல் போன்ற விளிம்புள்ள மட்டைமேல் உட்கார்ந்தால் உடம்பு கிழியும். அந்த ரத்தத்தைக் காட்டி, அவள் பெயரை ஊர்வாயில் போட்டு, பெண்ணைக் கொடுக்கும்படி அவள் வீட்டாரை நெருக்குவது அது. மடலேறுவேன் என்று சொல்வதோடு நின்றால் அது ஒத்த அன்பான ஐந்திணைக்குள் அடங்கும். ஏறியே விட்டால் தொல்காப்பியர் அதைப் பொருந்தாக் காமமான பெருந்திணையில் வைக்கிறார். வயது கடந்த உறவு, தெளிவிழந்த காமம், அளவு மீறி வலிந்து செல்வது ஆகியவையும் அவர் கணக்கில் பெருந்திணைதான்.

இப்போது இதன் முன் எட்வர்டை நிறுத்திப் பார். அவன் 1901இல் பிறந்தவன். பெல்லாவுக்குப் பதினேழு வயது. மூன்றாம் பாகத்தில், நண்பன் ஜேக்கப்பைப் பார்க்க அவள் போய்விடாமல் இருக்க அவளுடைய வண்டியின் எஞ்சினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றிவிடுகிறான். இரண்டாம் பாகத்தில் அவன் விட்டுப் போனதும் அவளுக்குச் சாப்பாடு, பேச்சு, தோழிகள் எதுவும் வேண்டாமல் போகிறது. மாதப் பெயர்கள் மட்டும் அச்சான பக்கங்களாகவே அவள் காலம் கழிகிறது. தொல்காப்பியர் பெருந்திணையை அகத்திலிருந்து வெளியே தள்ளவில்லை. மனிதருக்கு இப்படியும் நேரும் என்று ஏற்றுக்கொண்டு, ஒத்த அன்பிலிருந்து அதைப் பிரித்து வைத்தார். ‘ட்விலைட்’ இரண்டையும் கலந்து, எல்லாவற்றுக்கும் காதல் என்று ஒரே பெயர் வைத்துவிட்டது. அதைப் பிரித்துப் பார்க்கும் வேலை வாசகியுடையது. நீ அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாய்.

இதை வெள்ளைக்காரர் கதைகளின் குறை என்று தள்ளிவிடவும் வேண்டாம். ரமணிசந்திரன் நாவல்களில் நாயகியைத் தவறாக எண்ணிச் சுடுசொல் பேசுகிற நாயகர்களை நம் அம்மாமார்கள் ரசித்துத்தான் படித்தார்கள். நம் நாட்டில் ஃபௌசியா அஷாரியின் ‘ஓம்பாக் ரிண்டு’ மலாய் நாவல் 2002இல் வந்து, 2011இல் படமாகிப் பெரும் வசூல் கண்டது. விலைக்கு வந்த பெண்ணைப் பலவந்தப்படுத்தியவனே அவளுக்குக் கணவனாகி, காதலனும் ஆகிற கதை அது. மொழி எதுவானாலும், வலுக்கட்டாயத்துக்கு அன்பு என்று பெயர் சூட்டுகிற பழக்கம் எங்கும் இருக்கிறது.

தங்கையிடமிருந்து புத்தகத்தை வாங்கி வைக்காதே. நீ மறைத்துப் படித்ததுபோல் அவளும் மறைத்துப் படிப்பாள். அப்போது அவளோடு பேச ஆள் இருக்காது. அவள் படித்து முடித்ததும் சில கேள்விகளைக் கேள். பெல்லா ‘வராதே’ என்று சொல்லியிருந்தால் எட்வர்ட் என்ன செய்திருப்பான்? அவன் இல்லாத பெல்லாவுக்கு வேறு என்ன இருக்கிறது? அவன் அத்தனை அழகாக இல்லாமல் இருந்தால் எந்தக் காட்சி முதலில் உறுத்தும்? இதற்கு மேயரே வழி வைத்திருக்கிறார். பத்தாம் ஆண்டையொட்டி 2015இல் அவர் எழுதிய ‘லைஃப் அண்ட் டெத்’ நாவலில் இருவரையும் பால் மாற்றினார்: பையன் சாதாரண மனிதன், பெண் ரத்தக் காட்டேரி. இரண்டையும் அருகருகே படித்தால், ஆண் செய்தபோது காதலாகப் பட்டது பெண் செய்யும்போது எப்படிப் படுகிறது என்று அவளே கண்டுகொள்வாள்.

கூடவே வேறு கதைகளும் அவள் கைக்குப் போகட்டும். ஜென்னி ஹானின் ‘டு ஆல் த பாய்ஸ் ஐ’வ் லவ்ட் பிஃபோர்’ நாவலில் காதலோடு அக்கா, தங்கை, அப்பா என்று ஒரு குடும்பமும் நிறைந்திருக்கும். தமிழில், நம் ரெ. கார்த்திகேசுவின் ‘காதலினால் அல்ல’ பல்கலைக்கழக மாணவர் வாழ்க்கையைப் பேசுகிறது. பல காதல்களைப் படித்தவளுக்கு எட்வர்ட் பலரில் ஒருவனாகிவிடுவான்.

ரயிலில் உனக்கு நடந்ததையும் அவளிடம் சொல். நீ பயந்ததை மட்டும் சொன்னால் அது எச்சரிக்கையாக முடிந்துவிடும். அந்த வயதில் எச்சரிக்கையை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. எட்வர்டை உனக்கு எவ்வளவு பிடித்தது, ஏன் இன்னும் பிடிக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல். அப்போது, நாளைக்கு அவளுக்கு ஒருவனைப் பிடித்தாலும், ஒருவனைக் கண்டு பயந்தாலும், முதலில் உன்னிடம்தான் வருவாள்.