கர்ப்பிணிக்கு ஊசி போடலாமா?



"மாசமா இருக்கிறப்ப ஊசி போட்டா கரு கலைஞ்சிடும்" என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது உண்மையா? நம் உடம்பு வேலை செய்யும் விதம் தெரிந்தால் பயம் போய்விடும்.

எதிர்ப்பொருள் என்பது என்ன?

நோய்க்கிருமி நுழைந்தால், இரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்கள் எதிர்க்கின்றன. அவற்றுள் 'பி' அணுக்கள், கிருமியையும் அதன் விஷத்தையும் முடக்கும் எதிர்ப்பொருளைச் செய்கின்றன. 'டி' அணுக்களில் ஒரு வகை அவற்றைத் தூண்டுகிறது. இன்னொரு வகை, "போதும், நிறுத்து" என்று அடக்குகிறது. இவையே ஒழுங்குபடுத்தும் அணுக்கள். 1995-ல் இவற்றை எடுத்துக் காட்டிய ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சிக்கு, வேறு இருவருடன் சேர்த்து 2025-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அடக்குவது எதற்கு?

வயலுக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் மடையை அடைக்க ஆள் இல்லாவிட்டால் பயிர் அழுகிவிடும். அதுபோல, இந்த அணுக்கள் பிறவியிலேயே சரியாக அமையாத சில குழந்தைகளுக்குச் சொந்த உடம்புக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உண்டாகிறது.

கர்ப்ப காலத்தில் நடப்பது என்ன?

சிசுவின் அம்சத்தில் பாதி தகப்பனுடையது. தாயின் உடம்புக்கு அது அந்நியம். ஆனாலும் அதை விரட்டுவதில்லை. கர்ப்பப்பையில் ஒழுங்குபடுத்தும் அணுக்கள் பெருகிக் காவல் நிற்பது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

"அப்படின்னா ஊசியும் பலிக்காதே?" என்று கேட்பீர்கள். பலிக்கும். இவை மடையை ஒரேயடியாக அடைப்பதில்லை, அளவோடு விடுகின்றன. இரண ஜன்னித் தடுப்பூசியில் உயிருள்ள கிருமி கிடையாது. அதனால் கரு கலையாது. அதனால் உண்டாகும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்கும் போய், பிறந்த பிறகும் காப்பாற்றுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. கர்ப்பம் என்று தெரிந்தவுடன் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து, முதல் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

2. 4 வாரம் கழித்து இரண்டாவது ஊசி.

3. போன கர்ப்பத்தில் இரண்டும் போட்டு, 3 ஆண்டுக்குள் மறுபடி கருவுற்றால் ஒரே ஊசி போதும்.

4. பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கட்டும். குழந்தையின் தொப்புளில் சாணமோ சாம்பலோ வைக்காதீர்கள்.

பச்சைக் குழந்தைகளைக் கொல்லும் இரண ஜன்னி இந்தியாவில் கட்டுப்படுத்தப்பட்டுவிட்டதாக 2015-ல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்தக் கிருமி மண்ணில் இன்னும் இருக்கிறது. ஊசியை நிறுத்தினால் நோய் திரும்பும்.

கணவன்மார்களே! ஊசி போடும் நாளில் வேலையைச் சற்று ஒதுக்கி வைத்து, நீங்களும் கூடப் போங்கள். ஊசி போட்ட கை ஓரிரு நாள் வலிக்கலாம். அன்றைக்குத் தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள்.

தாய்க்கு ஊசி, சேய்க்குக் காவல்!