பாடம் 6: ஆற்றைக் காக்கும் செலவு யாருடையது?

நுழையும்முன்

ஆறு ஊருக்கு நீரைத் தருகிறது. ஊரோ ஆற்றுக்குக் கழிவைத் தருகிறது. கெட்டுப்போன ஆற்றை மீண்டும் தூய்மையாக்கப் பெரும்பொருள் வேண்டும். அப்பொருள் எங்கிருந்து வருகிறது? அதை யார் தருவது முறை? பொருளைச் செலவிட்ட பின்னும் சில ஆறுகள் தூய்மை அடையாதது ஏன்? நாம் வாழும் வட்டாரத்தின் ஆறுகளிலிருந்து தொடங்கி இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

நம் வட்டாரத்து ஆறுகள்

திருப்பதிக்கு அருகிலும் திருக்காளத்தியிலும் ஓடும் சுவர்ணமுகி ஆற்றுக்குத் தமிழில் பொன்முகலி என்று பெயர். கண்ணப்ப நாயனார் காளத்திநாதரை நீராட்டத் தம் வாயில் நீர் முகந்து வந்தது இவ்வாற்றில்தான் என்று சேக்கிழாரின் பெரியபுராணம் கூறுகிறது.

சித்தூர் நகரம் நீவா ஆற்றின் கரையில் உள்ளது. நீவா பொன்னையாற்றில் சேர்கிறது. பொன்னையாறு தமிழ்நாட்டுக்குள் சென்று பாலாற்றில் கலக்கிறது. பாலாறு கருநாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றுகிறது. அது குப்பம் வட்டாரத்தில் ஏறத்தாழ 33 கிலோமீட்டர் ஆந்திரத்துக்குள் ஓடுகிறது. பின்னர்த் தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் கடந்து, வாயலூர் அருகே வங்கக்கடலை அடைகிறது. ஆகவே, சித்தூரில் நாம் நீவாவில் விடும் கழிவு நம்முடனேயே நின்றுவிடுவதில்லை. மழைக்காலத்தில் அது அடுத்த மாநிலம் வரை செல்லும்.

இவ்வாறுகளில் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் இருப்பதில்லை. மேலே மணல் காய்ந்து கிடந்தாலும் அடியில் நீர் ஊறிக்கொண்டிருக்கும். ஆற்றுப்படுகையில் தோண்டிய கிணறுகளிலிருந்து பல ஊர்கள் குடிநீர் பெறுகின்றன. ஓடும் நீர் இல்லாத ஆற்றில் விடப்படும் கழிவு அடித்துச் செல்லப்படாமல் மணலுக்குள் இறங்குகிறது. அதனால், வற்றாத ஆறுகளைவிட வறண்ட ஆறுகளுக்குக் கூடுதல் காவல் தேவைப்படுகிறது.

ஆறு கெடுவது எப்படி?

ஆற்றைக் கெடுப்பவை பெரும்பாலும் இரண்டு: ஊர்ச் சாக்கடை நீர், தொழிற்சாலைக் கழிவுநீர்.

சாக்கடை நீரில் உள்ள அழுக்கை நுண்ணுயிரிகள் உண்ணும்போது, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அவை பயன்படுத்திவிடுகின்றன. மீன்களுக்கு மூச்சுவிட ஆக்சிஜன் கிடைப்பதில்லை. இவ்வாறு செலவாகும் ஆக்சிஜனின் அளவை உயிர்வேதியியல் ஆக்சிஜன் தேவை என்பர். குளிக்கத் தகுந்த ஆற்றுநீரில் இந்தத் தேவை ஒரு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மிகக்கூடாது. கரைந்துள்ள ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. இவ்விரண்டு எண்களையும் நினைவில் கொள்க. ஆற்றுக்காகச் செலவிட்ட பணம் பயன் தந்ததா என்பதை இவை காட்டிவிடும்.

தொழிற்சாலைக் கழிவில் உப்புகளும் உலோகங்களும் கலந்திருக்கும். நுண்ணுயிரிகளால் அவற்றை உண்டு அழிக்க இயலாது. அவை மண்ணிலும் கிணற்றிலும் தங்கிவிடும்.

பாலாறு கற்பித்த பாடம்

விடுமுறையில் வேலூருக்கோ ஆம்பூருக்கோ உறவினர் வீட்டுக்குச் செல்லும் மாணவர்கள் பாலாற்றுப் பாலத்தைக் கடந்திருப்பீர்கள். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. அத்தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால், ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 40 லிட்டர் நீர் செலவாயிற்று. உப்பும் குரோமியமும் கலந்த அந்த நீர் தூய்மை செய்யப்படாமலேயே வயல்களிலும் ஓடைகளிலும் விடப்பட்டு, இறுதியில் பாலாற்றை அடைந்தது. கிணற்று நீர் கரித்தது. வயல்கள் விளைச்சலை இழந்தன.

வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 28.8.1996 அன்று தீர்ப்பு வந்தது. தோல் தொழிற்பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிரிடத் தகுதி இழந்துவிட்டது என்ற ஆய்வைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. 'மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்' என்னும் நெறி நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றும் உறுதிப்படுத்தியது. ஈடு என்பது பாதிக்கப்பட்டவருக்குத் தரும் இழப்பீடு மட்டுமன்று. கெட்ட நீரையும் நிலத்தையும் சீராக்கும் செலவும் அதில் அடங்கும்.

இழப்பீட்டைக் கணக்கிட அமைக்கப்பட்ட ஆணையம் 2001இல் தன் முடிவை அறிவித்தது. எனினும், எல்லாக் குடும்பங்களுக்கும் பணம் போய்ச் சேரவில்லை. 30.1.2025 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்தது. விடுபட்டவர்களுக்கு அரசு ஆறு வாரங்களுக்குள் இழப்பீட்டை வழங்க வேண்டும் என்றும், பின்னர் அத்தொகையை மாசுபடுத்தியவர்களிடமிருந்து திரும்பப் பெற வேண்டும் என்றும் ஆணையிட்டது. வழக்குத் தொடுத்தபோது பிறந்த குழந்தைக்கு அந்நாளில் முப்பது வயது கடந்திருக்கும்.

பொதுப்பணம் வரும் வழி

மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்றால், அரசு ஏன் செலவிட வேண்டும்? சாக்கடை நீரை ஆற்றில் விடுபவர் ஒருவர் அல்லர். ஊரில் உள்ள எல்லா வீடுகளும் அதில் பங்கு கொள்கின்றன. எனவே, அச்செலவையும் எல்லாரும் சேர்ந்தே ஏற்க வேண்டியுள்ளது. நாம் சோப்பும் பற்பசையும் வாங்கும்போது செலுத்தும் வரியும், வீட்டுக்குச் செலுத்தும் வரியும் சேர்ந்துதான் பொதுப்பணம் ஆகின்றன. ஊர் கூடித் தேர் இழுப்பது போன்றது இது.

நடுவண் அரசு 1995இல் தேசிய ஆறுகள் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று இத்திட்டத்தில் பெரும்பாலான மாநிலங்களுக்கு நடுவண் அரசு 60 விழுக்காடும் மாநிலம் 40 விழுக்காடும் தருகின்றன. நூறு ரூபாய் செலவானால், அறுபது ரூபாய் நாடு முழுவதிலிருந்தும் வருகிறது. ஒரே ஆறு மூன்று மாநிலங்களில் ஓடும்போது இப்பங்கீடு பொருத்தமானதே.

தொழிற்சாலைகளுக்கு வேறு வழி வகுக்கப்பட்டது. சிறிய தோல் பட்டறைகளால் தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட இயலாது. ஆகவே, 1991இல் வகுக்கப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையத் திட்டத்தில் நடுவண் அரசு 25 விழுக்காடும் மாநில அரசு 25 விழுக்காடும் மானியமாகத் தந்தன. எஞ்சிய பாதியைத் தொழில் செய்வோர் தம் கைப்பணத்தாலும் வங்கிக் கடனாலும் திரட்ட வேண்டும்.

கட்டினால் மட்டும் போதுமா?

கங்கையைத் தூய்மையாக்க 1986இல் ஒரு பெருந்திட்டம் தொடங்கப்பட்டது. பல சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. ஆனால், அவற்றை நாள்தோறும் இயக்க மின்சாரமும் பணியாளர் ஊதியமும் பழுதுபார்க்கும் பணமும் வேண்டுமல்லவா? அவை போதாத இடங்களில் எந்திரங்கள் நின்றன. சாக்கடை பழையபடி ஆற்றில் விழுந்தது.

இதிலிருந்து கற்றுக்கொண்டு, 2014இல் தொடங்கிய 'நமாமி கங்கை' திட்டத்தில் ஒரு புதுமுறை கொண்டுவரப்பட்டது. நிலையத்தைக் கட்டும் நிறுவனத்துக்குக் கட்டுமானச் செலவில் 40 விழுக்காடே கட்டும் காலத்தில் கிடைக்கும். எஞ்சிய 60 விழுக்காடு 15 ஆண்டுகளில் தவணையாக வழங்கப்படும். நிலையம் ஒழுங்காக இயங்கினால்தான் தவணை முழுமையாகக் கிடைக்கும்.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரி வாரியம் இருந்ததைக் கூறுகிறது. குடிமராமத்து முறையில் ஊர்மக்கள் கூடி ஏரியையும் கால்வாயையும் செப்பனிட்டனர். ஏரியை வெட்டுவது ஒருமுறை, பேணுவது ஆண்டுதோறும். ஆற்றைத் தூய்மையாக வைப்பதும் அப்படித்தான்.

ஆகவே, ஓர் ஆற்றுத் திட்டத்தைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கும்போது 'எத்தனை கோடி?' என்பதுடன் நிறுத்திவிடாதீர்கள். மாசுபடுத்தியவர் தம் பங்கைத் தந்தாரா, நிலையத்தை இயக்க ஆண்டுதோறும் பணம் உண்டா, நீரின் தரம் உயர்ந்ததா என்றும் கேளுங்கள். பொதுப்பணத்தில் உங்கள் வீட்டுப் பணமும் உண்டு. கேட்பது உங்கள் உரிமை.

தெரிந்து தெளிவோம்

தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில், சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றுப்பகுதியையும் தூய்மையாக்கும் பணி 1977இல் தொடங்கி 1987இல் நிறைவுற்றது. கரையோரப் பன்றிப் பண்ணைகள் அகற்றப்பட்டன. தெருவோர உணவுக் கடைகளுக்குக் கழிவுநீர் வசதியுள்ள மாற்றிடம் தரப்பட்டது. கழிவு புறப்படும் இடத்திலேயே தடுத்தமையால் ஆறு மீண்டது.

சொல்லும் பொருளும்

முகந்து – அள்ளி
படுகை – ஆறு ஓடும் நிலப்பரப்பு
ஈடு – இழப்புக்குச் சமமாகத் தருவது
மானியம் – அரசு தரும் உதவித்தொகை
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கைக் குறிக்கும் அளவு
குடிமராமத்து – ஊர்மக்கள் கூடிச் செய்யும் செப்பனிடும் பணி

மதிப்பீடு

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. நீவா ஆறு சேரும் ஆறு ------- (சுவர்ணமுகி / பொன்னையாறு / கங்கை)
2. தேசிய ஆறுகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கிய ஆண்டு ------- (1986 / 1995 / 2014)

ஆ) சேர்த்து எழுதுக.
1. பால் + ஆறு = -------
2. பொது + பணம் = -------

இ) மொழியை அறிவோம்.
தமிழில் 'நீர்' என்பதைத் தெலுங்கில் 'நீரு' என்றும், 'ஆறு' என்பதை 'ஏரு' என்றும் கூறுவர். இவ்வாறு இருமொழிகளிலும் ஒத்து ஒலிக்கும் சொற்கள் ஐந்தினை வீட்டாரிடமும் நண்பர்களிடமும் கேட்டு எழுதுக.

ஈ) குறுவினா
1. வறண்ட ஆற்றில் கழிவை விடுவது ஏன் மிகுந்த தீங்கு தரும்?
2. 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அரசுக்கு இடப்பட்ட ஆணை யாது?

உ) சிறுவினா
சுத்திகரிப்பு நிலையத்துக்கான தொகையைத் தவணையாக வழங்குவதன் பயனை விளக்குக.

ஊ) சிந்தனை வினா
தோல் தொழிற்சாலையை மூடினால் தொழிலாளர் வேலை இழப்பர். மூடாவிட்டால் உழவர் நிலம் இழப்பர். இருவரையும் காக்கும் வழி என்ன? உங்கள் கருத்தைக் காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுக.

எ) கற்பவை கற்றபின்
உங்கள் தெருவின் கழிவுநீர் எங்கே செல்கிறது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, அதன் வழியை வரைபடமாக வரைக. அதனை இணைத்து, ஆற்றில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்குமாறு உங்கள் மாநகராட்சி ஆணையருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுக.