விட்டுச் சென்ற கல் வீடு

பாண்டுப்பில் வாழும் நமக்கு மேற்கே தோன்றும் மலைகளுக்கு அப்பால், சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவினுள் கான்ஹேரி இருக்கிறது. போரிவலி வழியாகச் சென்று அதனை அடையலாம். கருங்கல் மலையைக் குடைந்து அமைத்த நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் ஆங்கே உள்ளன. படுப்பதற்குக் கல் மேடை, மழைநீர் சேர்வதற்குக் கல் தொட்டி, வழிபாட்டுக்குச் சைத்தியம் என யாவும் மலையிலேயே வெட்டப்பட்டவை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அது பிக்குகளின் இல்லமாக விளங்கிற்று. 9ஆம் நூற்றாண்டிலும் அங்குத் தானங்கள் நடந்ததைக் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன. 1009, 1021ஆம் ஆண்டுகளில் அங்கு வந்த பார்சிகள் தம் பெயர்களைப் பஹ்லவி எழுத்தில் பொறித்துச் சென்றனர். பிற்காலத்தில் பிக்குகள் அகன்றனர். கல் மட்டும் நின்றது.

அவ்வெறும் அறைகளின் முன் நிற்கையில், "நம்மவர் வாழ்ந்த வீடு இப்படி ஆயிற்றே" என்று நம்முள் பலர் கலங்குகின்றோம். ஊரில் பாட்டனார் கட்டிய வீட்டை விட்டுப் பிழைப்புத் தேடி வந்தவர்க்கு இக்கலக்கம் புதிதன்று. 1997இல் உயர்நீதிமன்ற ஆணையை அடுத்து இப்பூங்காவின் எல்லைக்குள்ளிருந்த குடிசைகள் பல அகற்றப்பட்டன. அக்குடும்பங்களின் துயரும் இத்தன்மையதே. இத்துயரைத் தம்மம் எவ்வாறு நோக்குகிறது என்பதே இன்றைய பாடம்.

புத்தகோசர் இயற்றிய விசுத்திமக்கம், தியானத்துக்குத் தடையாகும் பத்துப் 'பலிபோத'ங்களுள் முதலாவதாக ஆவாசத்தை, அதாவது இருப்பிடத்தைக் கூறுகிறது. ஆயினும் அது எல்லோர்க்கும் தடையன்று. அதில் மனம் கட்டுண்டவனுக்கே தடை என்றும் விளக்குகிறது. அங்கே ஒரு கதை உண்டு. அனுராதபுரத்தில் துறவு பூண்ட நண்பர் இருவருள் ஒருவர் தூபாராமத்திலும், மற்றவர் பாசீனகண்டராஜியிலும் வாழ்ந்தனர். பின்னவர் நண்பரைக் காண வந்து ஓரிரவு தங்கினார். மறுநாள் பிச்சைக்குச் சென்றபோது, தம் இருப்பிடத்துக்கு வருமாறு அவரை அழைத்தார். தூபாராமத்தவர் அங்கிருந்தபடியே புறப்பட்டார். நெடுங்காலம் வாழ்ந்த இடத்தில் எடுத்துவர ஒன்றுமில்லையா எனக் கேட்டபோது, சங்கத்துக்குரிய கட்டிலும் இருக்கையும் ஒழுங்காக வைக்கப்பட்டுள்ளன, வேறொன்றும் இல்லை என்றார். ஓரிரவே தங்கிய விருந்தினரோ, தம் கைத்தடியையும் எண்ணெய்க் குழாயையும் அங்கே விட்டு வந்திருந்தார்!

தங்கிய காலத்தின் நீளம் கட்டாகவில்லை என்பது இதனால் தெளிவாகும். அப்பெரியவர் இருப்பிடத்தை இகழவுமில்லை. பிறர்க்குப் பயன்படும்படி ஒழுங்கு செய்துவிட்டே நீங்கினார். புறப்படும் பிக்கு பொருள்களை அடுக்கி, கதவு சன்னல்களைச் சாத்தி, உறைவிடத்தை ஒருவரிடம் ஒப்படைத்துச் செல்ல வேண்டுமென்று விநயமும் விதிக்கிறது.

இதற்குக் காரணம் யாது? ராஜகிருக வணிகர் ஒருவர் உறைவிடங்களைக் கட்டியபோது, வந்தவர்க்கும் இனி வருபவர்க்குமாக, நாற்றிசைச் சங்கத்துக்கு அவற்றை அளிக்குமாறு பகவான் பணித்தார் என்று அவ்விநயமே கூறும். கான்ஹேரிக் கல்வெட்டுக்களிலும் அந்நாற்றிசைச் சங்கமே தானம் பெறுகிறது. கல்யாண் முதலிய ஊர்களின் வணிகர் குடைவித்த அறைகளில் எந்தப் பிக்குவும் உரிமையாளர் அல்லர். ஆகவே அங்கிருந்து நீங்கியவர் தமதென்று எதனையும் இழந்தாரல்லர்.

அன்பர்களே, இதனைப் பிழையாகக் கொள்ளலாகாது. பற்றின்மை என்பது உரிமையைக் கைவிடுவதன்று. வீடு இடிக்கப்பட்டவன் மாற்றிடம் கோருவது நியாயம். அவனுக்குத் துணை நிற்பது நம் கடமை. பிள்ளைகளை மழையில் நிறுத்திவிட்டு அநித்தியம் பேசுவது தம்மமாகாது. நெஞ்சில் நின்று வருத்தும் பழைய வீட்டையே நாம் இங்குக் கருதுகிறோம். அதன் நினைவு எழும்போது விரட்ட வேண்டா. "இது நினைவு, இது ஏக்கம்" என அறிந்து நோக்குக. அவ்வீடு நமக்கு அளித்த நிழலை இன்று நம் வாசலுக்கு வருபவருக்கு அளிப்போம். 1956க்குப் பின் தம்மத்துக்கு வந்த நாம், கான்ஹேரியை அடுத்த முறை காணும்போது, பாழ்வீடென்று கலங்காமல், இனி வருபவர்க்கென்று பிறர் வைத்துச் சென்ற வீடென்று வணங்குவோமாக.