காற்று தப்பும் இடுக்கு

பைக் எஞ்சினின் உடம்பில் வரிவரியாக நிற்கும் ஃபின்களை எல்லோரும் பார்த்திருப்போம். அமெரிக்காவில் வீட்டு கராஜிலேயே விமானம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் வாங்கிப் பொருத்தும் லைகமிங் எஞ்சினுக்கும் அதே ஏற்பாடுதான். ரேடியேட்டர் கிடையாது, காற்றுதான் சூட்டை வாங்கிக்கொண்டு போக வேண்டும். மூக்கிலுள்ள இரண்டு வாய்களில் நுழையும் காற்று சிலிண்டர்களுக்கு மேலே நிறைந்து, ஃபின்களின் நடுவே கீழே இறங்கி, அடிப்பக்கமாக வெளியேறும். மேலே அந்தக் காற்று நிறையும் அறைக்குச் சுவர், பேஃபிள் எனப்படும் அலுமினியத் தகடு. கூரை, கௌலிங் என்கிற மேல்மூடி.

சுவரும் கூரையும் ஒட்டக்கூடாது. எஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட் ஆகும்போதும் அணையும்போதும் உலுக்கும். மூடியோ அசையாது. அதனால் நடுவே சுமார் 1 செ.மீ. இடம் விட்டு, அதை வளையும் ஒரு ரப்பர் பட்டையால் மூடுகிறார்கள். 1953-இல் பால் போபெரெஸ்னி மில்வாக்கியில் தொடங்கிய சோதனை விமானச் சங்கத்தின் காலத்திலிருந்து இன்றுவரை, வீட்டில் விமானம் கட்டுகிறவர்களிடம் இந்தப் பட்டையைப் பற்றிச் சில நம்பிக்கைகள் கைமாறி வருகின்றன. சில, எஞ்சினையே தின்றுவிடும்.

நம்பிக்கை: "சின்ன இடுக்குதானே, கொஞ்சம் காற்று போனால் என்ன?"

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 90 நாட் வேகத்தில் மேலேறும் விமானத்தின் முகத்தில் மோதும் காற்றின் முழு அழுத்தமும் சேர்த்து 13 செ.மீ. உயரத் தண்ணீரின் அழுத்தம்தான். ஒரு டம்ளர் தண்ணீர் அளவுக்கு. எஞ்சினைக் குளிர்விக்க இருக்கிற மூலதனம் அவ்வளவே. 3 மி.மீ. இடுக்கு 1 மீட்டர் நீளத்துக்கு ஓடினால் 30 சதுர செ.மீ.; அதாவது தகட்டில் 6 செ.மீ. விட்டமுள்ள ஓட்டை போட்டதற்குச் சமம். ஃபின்களுக்குள் நெருக்கியடித்துப் போவதை விட்டுவிட்டு, காற்று அந்தச் சுலபமான வழியில்தான் ஓடும்.

லைகமிங் சிலிண்டர் தலைக்கு உச்ச வரம்பு 260 டிகிரி செல்சியஸ். எஞ்சின் நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் வேகப் பயணத்திலும் 224-ஐத் தாண்ட விடாதீர்கள் என்பது கம்பெனியே சொல்லும் யோசனை. சூடேற ஏற அலுமினியம் வலுவிழக்கும். மேலேறும்போது வெப்பமானியின் முள் வரம்பை நோக்கி நகர்ந்தால், பெரிய ஆயில் கூலர் வாங்க ஓடுவதற்கு முன் இடுக்குகளைத் தேடுவதே புத்திசாலித்தனம். தேடுவதும் எளிது. இருட்டிய பிறகு மூடியை மாட்டி, அடியில் ஒரு விளக்கை வைத்து, முன்வாய் வழியாக எட்டிப் பாருங்கள். வெளிச்சம் கோடாகத் தெரிகிற இடமெல்லாம் காற்று தப்புகிற இடம். சில மணி நேரம் பறந்த விமானமாக இருந்தால் மூடியின் உள்பக்கமே சாட்சி சொல்லும்: பட்டை உரசிய தடம் விடாமல் ஓட வேண்டும். தடம் அறுந்து, அழுக்கு விசிறியடித்தது போல் தெரிந்தால் அங்கே பட்டை மூடியைத் தொடவில்லை.

நம்பிக்கை: "ரப்பர் என்றால் ரப்பர். கெட்டியாக இருந்தால் போதும்."

கறுப்பு நியோபிரீன் ஷீட் விலை மலிவு, எண்ணெயையும் தாங்கும். ஆனால் எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில் நாளடைவில் விறைத்து வெடிக்கும். விறைத்த பட்டை வளையாது, வளையாத பட்டை மூடியோடு ஒட்டாது. கண்ணாடியிழை நெய்த சிலிக்கோன் ஷீட் அதைவிட அதிகச் சூட்டில் நெகிழ்ச்சி குறையாமல் இருக்கும். என் தேர்வு அதுதான். 2.5 முதல் 3 மி.மீ. தடிப்பு போதும். மிகத் தடித்த பட்டை மூலையில் மடங்காமல் சுருங்கி நின்று, தானே இடுக்கை உண்டாக்கும்.

நல்ல சரக்கு வாங்கியும் தோற்பது பெரும்பாலும் பட்டையின் திசையில்தான். பட்டை, அழுத்தம் இருக்கும் அறையின் உள்பக்கமாக வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் காற்றே அதை மூடியோடு அழுத்திப் பிடிக்கும். வெளிப்பக்கமாக வளைந்திருந்தால் அதே காற்று அதைத் தள்ளித் திறந்துவிடும். தரையில் நிற்கும்போது இரண்டும் ஒரே மாதிரி மூடியிருப்பதாகத் தெரியும், அதுதான் ஆபத்து. பர்ட் ரூட்டானின் லாங்-ஈஸி மாதிரி எஞ்சின் பின்னால் இருந்து, காற்று கீழிருந்து மேலே போகும் விமானத்தில் அழுத்தம் கீழ்ப்பக்கம். பட்டையின் திசையையும் அதற்கேற்ப யோசிக்க வேண்டும்.

நம்பிக்கை: "சிவப்பு ஆர்.டி.வி. டியூப் ஒன்று இருந்தால் எல்லாவற்றையும் அடைத்துவிடலாம்."

தகட்டுக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே உள்ள சந்துகளுக்கு ஆர்.டி.வி. சிலிக்கோன் பசை மிகப் பொருத்தம். ஆனால் டியூபைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் கீழே வையுங்கள். உலரும்போது அசெட்டிக் அமிலத்தைக் கக்கும் ரகம் அது, உலோகத்தை அரிக்கும். அமிலம் கக்காத நியூட்ரல் ரகம் தனியாகக் கிடைக்கிறது. பெட்ரோல் படும் இடத்தில் இரண்டுமே உதவாது; சாதாரண சிலிக்கோன் பெட்ரோலைக் குடித்து ஊதிப்போகும். அங்கே ஃப்ளூரோசிலிக்கோன் வேண்டும். எஞ்சினைத் திறந்து மூடுகிறபோது கேஸின் இரண்டு பாதிகளுக்கு நடுவே ஆர்.டி.வி. பசையைப் பூசலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. கூடாது. லைகமிங் அந்த இணைப்பில் வழக்கமாக வைப்பது மெல்லிய பட்டு நூல்.

ஃபயர்வாலில் வயர் நுழையும் ஓட்டையை இதே பசையால் அடைப்பதுதான் எனக்கு மிகவும் பயம் தருகிறது. ஃபயர்வால் என்பது தீ எஞ்சின் பக்கத்திலிருந்து விமானியின் கால்மாட்டுக்கு வராமல் தடுக்கும் எவர்சில்வர் தகடு. சான்றிதழ் பெற்ற விமானங்களில் தீ தாங்குவது என்றால் 1,100 டிகிரி சுடரில் 15 நிமிடம் நிற்பது. வீட்டில் கட்டிய விமானத்துக்கு அந்த விதி கட்டாயமில்லை என்பதால் தீயின் சூடு குறைந்துவிடாது. ஆர்.டி.வி. இந்தச் சுடரில் நிற்காது. சூடு பட்டால் உப்பிக்கொண்டு ஓட்டையை அடைக்கும் ஃபயர்வால் சீலன்ட்டும், எவர்சில்வர் மூடியும் வேண்டும். கதவு நிலையில் பீய்ச்சும் பாலியூரித்தேன் நுரை எஞ்சின் அறைக்குள் எங்குமே கூடாது. அது எரியும்.

நம்பிக்கை: "ஓர் இடுக்கு விடாமல் அடைத்தால் எல்லா சிலிண்டரும் குளிரும்."

நான்கு சிலிண்டர் லைகமிங்கில் இது பொய்யாகும் இடம் ஒன்று உண்டு. சிலிண்டர் தலையின் ஒரு பக்கத்தில் ஃபின்கள் மிகக் குட்டை. இடது வரிசையில் அந்தப் பக்கம் 2-ஆம் சிலிண்டரின் முன்னால் வரும், வலது வரிசையில் 3-ஆம் சிலிண்டரின் பின்னால் வரும். பேஃபிள் தகடு அங்கே ஒட்டி உட்கார்ந்தால் காற்று இறங்க வழியே இல்லை. பட்டையெல்லாம் புதிதாக மாற்றிய பிறகும் 3-ஆம் சிலிண்டர் மட்டும் கொதிக்கிறதே என்று தவிக்கிறவர்கள், அந்தத் தகட்டைக் கழற்றி சிலிண்டருக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு வாஷரைச் செருகிப் பார்க்கலாம். வாஷரின் தடிப்பளவு சந்து அங்கே வேண்டியிருக்கிறது. அதைப் பசையால் அடைத்துவிடாதீர்கள்.