கூத்து நோட்டை வாங்கிய தம்பிக்கு



வாத்தியார் தன் கூத்து நோட்டை உன் கையில் கொடுத்தார் என்றதும் மனம் நிறைந்தது. அதைப் புது நோட்டில் சுத்தமாக எழுதிக்கொண்டு பழையதைப் பரணில் போடப்போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் தம்பி.

கர்ண மோட்சப் பக்கங்களை நிதானமாகப் புரட்டு. ஒரு விருத்தத்தை அடித்துவிட்டு ஓரத்தில் வேறு ராகம் குறித்திருப்பார். சுருதிக் கட்டையைக் குறைத்திருப்பார். ஒரு தருப் பாட்டில் நாலு வரியைச் சுழித்து நீக்கியிருப்பார். பாடியவருக்குக் குரல் இறங்கியதா, வேஷக்காரர் மாறினாரா, விடியும் நேரத்தில் ஆட்டம் தளர்ந்ததா? சுத்தப் பிரதி எழுதினால் இதைக் கேட்கவே உனக்குத் தோன்றாது.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்ததை, அதில் நடித்த டி.கே. சண்முகம் வியந்து பதிவு செய்திருக்கிறார். அது சுவாமிகளுக்கு வாய்த்த வரம். பீத்தோவனோ தன் ஒரே ஆபெராவான 'ஃபிடேலியோ'வை 1805இல் மேடையேற்றி, 1806இல் திருத்தி, 1814இல் மறுபடி திருத்தினார். முன்னிசை மட்டுமே நாலு எழுதினார். உன் வாத்தியார் இந்த இரண்டாவது வழிக்காரர். அடித்தல் திருத்தலைப் பார்த்து நீ கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆனால் பீத்தோவன் சுரத்தையே எழுதி வைத்தார். நம் நோட்டில் ராகத்தின் பெயரும், 'இன்ன பாட்டு மெட்டு' என்ற ஒரு வரியும்தான் இருக்கும். அந்த மூலப் பாட்டு தெரிந்தவர் போய்விட்டால் தாள் இருந்தும் பாட்டு இராது. சுவாமிகளின் நாடகங்களிலேயே பல இன்று கிடைக்கவில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆட்டம் குறைவாக இருக்கும்போது ஆர்மோனியப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போ. பக்க எண்ணைச் சொல்லிவிட்டு மூல மெட்டையும் அதன்மேல் அமைந்த தருவையும் பாடச் சொல்லிப் போனில் பதிவு செய். அடித்த வரிகளையும் பாடச் சொல். முகவீணைக்காரரும் மிருதங்கக்காரரும் உடன் இருக்கட்டும். எங்கே முகவீணை பாட்டை வாங்கிக்கொள்கிறது என்பதை நோட்டில் யாரும் எழுதுவதில்லை.

கிழிந்த தாளுக்குச் செல்லோடேப் ஒட்டாதே, கறை பிடிக்கும். லேமினேஷனும் கூடாது. நீ சேர்ப்பதை வேறு நோட்டில் தேதி போட்டு எழுது. வாத்தியாரைக் கேட்காமல் யூடியூபில் எதையும் ஏற்றாதே. அந்தப் பாட்டுகள் அவருடைய பிழைப்பு.

அவருக்கு மூச்சு வாங்குகிறது என்கிறாயே, அப்படியானால் மழைக்காலம்வரை பொறுக்காதே. பக்கங்களைப் படம் எடுப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த வாரமே போய்ப் பாடச் சொல்லிக் கேள்.

அன்புடன்,
உன் அண்ணன்