கண்ணாடியைத் தட்டாதே, தம்பி

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. "கடையில் துள்ளிக்கொண்டிருந்த மீன்கள். வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது, கிட்டே போனாலே மூலைக்கு ஓடுகின்றன. சீக்கா?" என்று கேட்டிருக்கிறாய். நீ அனுப்பிய படத்தை மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தேன். மீன்மேல் குற்றமில்லை.

வெள்ளைக் கூழாங்கல். பின்பக்கம் வெறும் கண்ணாடி. தலைக்குமேல் பூப்பந்து மைதானத்துக்குப் போடுகிற மாதிரி விளக்கு. நடுவில் ஒரு பிளாஸ்டிக் கோட்டை. அதற்குள்ளே நான்கே நான்கு ஹார்லிகுவின் ரஸ்போரா. நம் சிம்பாங் ரெங்கம் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு ஆட்களை விசாரணையில்லாமல் அடைத்துவைத்த இடம்தான் ஞாபகம் வருகிறது. அந்தப் பேர் போதாதென்று உன் வீட்டு வரவேற்பறையிலும் ஒரு கிளை திறந்துவிட்டாயே!

கோபித்துக்கொள்ளாதே. பக்கவாட்டில் கறுப்பு முக்கோணம் போட்ட அந்தச் செம்பு நிற மீனை ஏதோ சீமைச் சரக்கு என்று நினைத்திருப்பாய். அது நம் தீபகற்பத்துச் சதுப்புக்காட்டு ஓடைக்காரன். 1904-இல் டுங்கர் என்ற ஜெர்மானியர் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். நான் தோட்டத்து லயத்தில் வளர்ந்த நாளில், செம்பனை போடாமல் விட்டிருந்த ஒரு மூலையில் அப்படியொரு ஓடை இருந்தது. தண்ணீர் அப்படியே பாலில்லாத தே ஓ நிறம். கையை விட்டால் விரல்கள் பழுப்பாகத் தெரியும். மேலே மரம் மூடிக்கிடக்கும், கீழே இலை அழுகிக்கிடக்கும். மீனைப் பார்க்க வேண்டுமென்றால் குந்தி உட்கார்ந்து மூச்சுவிடாமல் இருக்கவேண்டும்.

"என் மீன் பண்ணையில் பிறந்ததுதானே?" என்பாய். பிறந்தது பண்ணையாக இருக்கலாம், பயம் பாட்டன் சொத்து. மேலிருந்து நிழல் விழுந்தால் அதற்கு மீன்கொத்தி. நீ அன்பாகத் தீனி போட நீட்டுகிற கையும் மீன்கொத்திதான். இருட்டறையில் சட்டென்று விளக்கைப் போட்டால் மூடிக்கொள்ள அதற்கு இமையும் இல்லை. போதாக்குறைக்கு, இந்தக் கெண்டைச் சாதி மீன்களுக்குக் காற்றுப்பையிலிருந்து உள்காதுவரை சின்னச்சின்ன எலும்புகள் சங்கிலிபோல் கோத்திருக்கின்றன. மற்ற பல மீன்களைவிட நன்றாகக் காது கேட்கும். உன் தங்கை மகன் கண்ணாடியைத் தட்டுகிறானே, அது நமக்குத் தகரக் கொட்டகைக்குள் பட்டாசு வெடித்த மாதிரி. நீயும் தட்டியிருப்பாய், மறைக்காதே.

வலையை எடுத்துத் துரத்தி "உடம்பு சரியாக இருக்கிறதா" என்று பார்க்கிற பழக்கமும் உனக்கு இருக்கும். விட்டுவிடு. கார்ல் வான் ஃபிரிஷ் என்ற அறிஞர் 1938-லேயே கண்டு எழுதினார்: ஒரு கெண்டை மீனின் தோல் கிழிந்தால் அதிலிருந்து கசியும் பொருளே மற்ற மீன்களைக் கலைந்தோட வைக்கிறது. ஒன்றைக் காயப்படுத்தினால் தொட்டி முழுக்கச் செய்தி போய்விடும்.

சரி, என்ன செய்யலாம்? பின்கண்ணாடியிலும் இரு பக்கத்திலும் கறுப்புத் தாள் ஒட்டு. வெள்ளைக் கல்லை அள்ளிவிட்டுக் கருமணல் போடு. பள்ளித் திடலோரம் கெத்தாப்பாங் மரம் இருக்குமே, அதன் காய்ந்த இலை இரண்டைக் கழுவி உள்ளே விடு. இரண்டு நாளில் தண்ணீர் தே ஓ ஆகும். அம்மா "அழுக்குத் தண்ணீர்" என்று கொட்டப் பார்ப்பார், தடுத்துவிடு. அகல இலைச் செடி ஒன்று வேண்டும்; இந்த மீன் தலைகீழாகப் புரண்டு இலையின் அடிப்பக்கத்தில் முட்டை ஒட்டும். தொட்டிக்கு மூடியும் போடு. பயந்த மீன் குதிக்கும். காலையில் சோபாவுக்கடியில் எறும்பு மொய்த்த கருவாடாக ஒன்றை நான் பொறுக்கியிருக்கிறேன்.

"இத்தனை மறைவு வைத்தால் மீனை எப்படிப் பார்ப்பது?" இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். ஓடி ஒளிய இடம் இருக்கிறது என்று தெரிந்த மீன்தான் தைரியமாக வெளியே வரும். இடமில்லாத மீன் மூலையில் உறைந்து நிற்கும். நீ இப்போது பார்ப்பது அதைத்தான்.

நான்கு மீன் போதாது, குறைந்தது பத்து வேண்டும். அதற்காக இன்றைக்கே கடைக்கு ஓடாதே! அமோனியாவைப் பற்றி நம் ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2019-இல் பெனுட் ஆற்றில் அமோனியா ஏறி, சுத்திகரிப்பு நிலையத்தைத் திரும்பத் திரும்ப மூடினார்கள். தண்ணீர் லாரிக்காக வாளியோடு நின்றது மறந்துபோகுமா? மீன் செவுள் வழியாக விடுவதும் அதே அமோனியாதான். அதைத் தின்கிற நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். உனக்கு மூன்றுதான் ஆகியிருக்கிறது. மீன் மிரள்வதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். சோதனைச் சொட்டுமருந்து வாங்கிப் பார். அமோனியா இருந்தால் கால்பங்குத் தண்ணீரை மாற்று, குழாய்த் தண்ணீருக்கு ஆன்டி குளோரின் விட மறக்காதே. ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பளபளவென்று தேய்க்காதே, அந்த நுண்ணுயிர்கள் அதில்தான் குடியிருக்கின்றன. எண் சுழியத்துக்கு வந்தபிறகு மூன்று மீன், பத்து நாள் கழித்து இன்னும் மூன்று. உன் தொட்டிக்கு லாரி வராது, தம்பி. வாளியோடு நீதான் வரவேண்டும்.

என் தொட்டியில் விடியற்காலை ஆறரைக்கு, விளக்குப் போடுமுன், கெத்தாப்பாங் இலைக்கடியிலிருந்து முதலில் ஒரு மூக்கு எட்டிப்பார்க்கும். நான் கோப்பிக் கோப்பையை மேசைமேல் வைக்காமல் கையிலேயே பிடித்திருப்பேன், சத்தம் வரக்கூடாதென்று. பிறகு இரண்டு, பிறகு ஐந்து. ஒருநாள் வா. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கைப்பேசியையும் அதன்மேல் வைத்துவிட்டு வா.

அன்புடன்,
மாமா